மைனஸ் முப்பதில் மகளின் கார்

நம் நாட்டில் கார் பழுது பார்ப்பவனுக்கு முதல் தொல்லை வியர்வைதான். கண்ணில் இறங்கும். கையில் இருக்கும் ஸ்பானர் வழுக்கும். மதியம் இரண்டு மணிக்கு பானெட்டைத் திறந்தால் அடுப்படியில் தலையை விட்டதுபோல் முகத்தில் அனல் அடிக்கும். கிள்ளான் பக்கம் ஒரு போக்குவரத்து நிறுவனத்தின் பட்டறையில் 34 ஆண்டுகள் இந்த வேலைதான் பார்த்தேன். வேலை நாளில் லோரியும் வேனும், ஓய்வு நாளில் அக்கம்பக்கத்தாரின் கார்கள். டட்சன் 120ஒய் ஓடிய காலத்தில் ஸ்பானர் பிடிக்கத் தொடங்கினேன். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது, பிறகு கஞ்சில் வந்தது. எந்த வண்டியாக இருந்தாலும் எங்கள் கவலை ஒன்றுதான்: இன்ஜின் சூடேறிவிடக் கூடாது.

இன்ஜின் குளிர்ந்துவிடக் கூடாது என்று கவலைப்படும் ஊரும் உண்டு. அதை 63 வயதில், கனடாவின் வின்னிபெக் நகரில், மகள் வீட்டு வாசலில் நின்று தெரிந்துகொண்டேன்.

மகள் அங்கே தாதி. பிள்ளைப்பேற்று விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்ப வேண்டிய நேரம். பேத்திக்கு அப்போது 14 மாதம். மருமகனுக்கு வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை; இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அதனால் நானும் என் மனைவியும் அக்டோபர் நடுவில் போய்ச் சேர்ந்தோம். வருகையாளருக்கு வழக்கமாக ஆறு மாதம் தங்க அனுமதி கொடுப்பார்கள். பேத்தியை மனைவி எடுத்துக்கொண்டாள். எனக்கு மிஞ்சியது கார்.

மகள் வேலை செய்யும் மருத்துவமனை நகரில் இல்லை. 50 கிலோமீட்டர் தள்ளி ஒரு சிற்றூரில் இருக்கிறது. வழி நெடுக இரண்டு பக்கமும் வெறும் வயல். நம் ஊர் நெடுஞ்சாலை மாதிரி பத்து நிமிடத்துக்கு ஓர் ஓய்வு நிலையம், தே தாரேக் கடை என்றெல்லாம் அங்கே கிடையாது. மரமும் அரிதுதான். காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. இந்தப் பாதையில் பன்னிரண்டு வருடப் பழைய காரை எடுத்துக்கொண்டு, சில வாரம் பகலிலும் சில வாரம் இரவிலும் அவள் தனியாகப் போய் வர வேண்டும்.

அங்கே ஜனவரி மாத இரவு மைனஸ் 20 டிகிரி என்றால் அது சாதாரணம். மைனஸ் 30ஐத் தாண்டும் இரவுகளும் வரும். கேமரன் மலையில் 15 டிகிரிக்கே கம்பளி தேடுகிறவர்கள் நாம். மைனஸ் 40க்குப் போனால் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணாகிவிடும். காற்றோடு சேர்த்துக் கணக்கிட்டு மைனஸ் 40 என்று அறிவித்தால், மூடாத தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் உறைந்துபோகலாம் என்று அர்த்தம். அப்படிப்பட்ட இரவில் வயல்வெளி நடுவே கார் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன முதல் வாரமே, பனி விழுவதற்கு முன்பு, மகளின் காரைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் பேட்டரி. நம் ஊர் வெயிலில் ஒரு பேட்டரி இரண்டு வருடம் ஓடினால் பெரிது. அங்கே நான்கைந்து வருடம் கிடக்கும். குளிர் பேட்டரிக்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. வெயில் பேட்டரியை உள்ளுக்குள் அரிக்கிறது. குளிரோ, அதில் மிச்சமிருக்கும் பலம் எவ்வளவு என்று ஒரே காலையில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மைனஸ் 18க்கு வந்தாலே ஈய பேட்டரியின் பலம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். அதே நேரத்தில் எண்ணெய் கெட்டியாகி, இன்ஜினைச் சுழற்ற இன்னும் அதிகப் பலம் கேட்கும். பேட்டரியின் மேல் சிசிஏ என்று மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் அச்சடித்திருப்பார்கள். மைனஸ் 18 டிகிரியில், 30 விநாடிகளுக்கு அது எத்தனை ஆம்பியர் தரும் என்பதே அந்த எண். நம் ஊரில் அதை யாரும் படிப்பதில்லை. அங்கே அந்த எண்ணைப் பார்த்துத்தான் பேட்டரி வாங்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி மைனஸ் 40லும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரி மைனஸ் பத்தை ஒட்டியே உறைந்துவிடும். உறைந்த பேட்டரிக்கு இன்னொரு காரிலிருந்து கம்பி போட்டு ஸ்டார்ட் செய்தால் வெடிக்கவும் கூடும். மகளின் பேட்டரிக்கு ஐந்து வயது. ஓர் இரவு நின்ற பிறகு மீட்டர் வைத்தால் 12.2 வோல்ட். நல்ல பேட்டரி 12.6 காட்ட வேண்டும். அன்றே மாற்றினோம்.

அடுத்தது எண்ணெய். இங்கே 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று வாங்கி ஊற்றுகிறோமே, அதில் வரும் டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரிலும் எண்ணெய் இளகி நிற்கும். 15டபிள்யூ எண்ணெயை மைனஸ் 20 டிகிரியிலும், 0டபிள்யூ எண்ணெயை மைனஸ் 35 டிகிரியிலும் வைத்து, இன்ஜினைச் சுழற்ற விடுகிறதா என்று சோதிக்கிறார்கள். மகள் காருக்கு 0டபிள்யூ-20.

பிறகு ரேடியேட்டர். இங்கே அவசரத்துக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்விடலாம். அங்கே அப்படி ஊற்றினால் தண்ணீர் உறைந்து, விரிந்து, இன்ஜினின் இரும்பையே பிளந்துவிடும். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும். கூலண்ட் கூடினால் நல்லதுதானே என்று அதை மட்டும் ஊற்றவும் கூடாது. தண்ணீர் கலக்காத கூலண்ட் மைனஸ் 13ஐ ஒட்டியே உறைந்துவிடும். மருந்து மாதிரி இதற்கும் அளவு இருக்கிறது.

டயரும் அப்படித்தான். ஏழு டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். அதனால் பனிக்கால டயர் போட வேண்டும். காற்று குளிர்ந்து சுருங்குவதால், ஏறக்குறைய ஐந்தரை டிகிரி குறையும்போதெல்லாம் டயரில் ஒரு பவுண்டு அழுத்தம் இறங்கும். அக்டோபரில் சரியாக இருந்த டயர் ஜனவரியில் ஆணி குத்தியதுபோல் நிற்கும்.

எனக்குச் சிரிப்பை வரவழைத்தது காரின் முன்பக்கம் தொங்கிய மின்சார பிளக். பெட்ரோல் காருக்கு எதற்கு மின்சாரம் என்று மகளைக் கேட்டேன். இன்ஜினுக்குள் ஒரு சூடேற்றி இருக்கிறதாம். இரவில் வீட்டு மின்சாரத்தில் மாட்டிவிட்டால் கூலண்ட் கதகதப்பாக இருக்கும். காலையில் இன்ஜின் முரண்டு பிடிக்காது. வின்னிபெக்கில் வேலையிடங்களின் கார் நிறுத்துமிடங்களில்கூட வரிசையாக மின்சார பிளக் இருப்பதைப் பார்த்தேன். வின்னிபெக்குக்குத் தெற்கே, எல்லை தாண்டி, வட டக்கோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரில் வாழ்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் இப்படிப்பட்ட ஒரு சூடேற்றியைச் செய்து 1949இல் காப்புரிமை வாங்கியிருக்கிறார். அந்தக் குளிரை அனுபவித்தவருக்குத்தான் அப்படித் தோன்றும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர், விவசாயம் பார்த்து ஓய்ந்தவர், ஒரு நாள் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். நான் மாட்டியிருந்த மின்கம்பியை எடுத்து, ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கையால் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டிச் சிரித்தார். எனக்குப் புரிந்தது. இல்லாவிட்டால் அவசரத்தில் பிளக்கைக் கழற்றாமலே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவோம். பட்டறைக்காரனுக்கு எந்த ஊரிலும் பட்டறைக்காரன் கிடைத்துவிடுவான்.

குளிரில் வேலை செய்வதற்கும் தனி முறை உண்டு. மகள் இருந்தது வாடகை வீடு, கராஜ் கிடையாது. எல்லாம் வாசலில் திறந்த வெளியில்தான். ஸ்பானர்களை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து, வேலை நேரத்தில் வாளியில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். வெளியே கிடந்த இரும்பை ஈரக் கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கம்பளிக் கையுறை போட்டால் நட்டு பிடிபடாது. கழற்றினால் இரண்டு நிமிடத்தில் விரல் மரத்துப்போகும். மெல்லிய ரப்பர் கையுறையோடு கொஞ்சம் வேலை, பிறகு தடித்த கையுறைக்குள் கை, பிறகு மறுபடி வேலை. பதினைந்து நிமிடம் வெளியே, பத்து நிமிடம் உள்ளே. பெட்ரோல் மட்டும் கையில் படவே கூடாது. அந்தக் குளிரிலும் அது உறையாது. தோலில் பட்டு ஆவியாகும்போது இருக்கிற கொஞ்சநஞ்சச் சூட்டையும் இழுத்துக்கொண்டு போய்விடும்.

நட்டு கைநழுவினால் நம் ஊர் சிமெண்டுத் தரையில் டிங் என்று சத்தம் கேட்கும், எங்கே ஓடியது என்று தெரியும். பனியில் விழுந்தால் சத்தமே இல்லை. காருக்கு அடியில் ஒரு பழைய போர்வையை விரித்துவிட்டுத்தான் கை வைப்பேன். பிளாஸ்டிக் கிளிப்புகள் அப்பளம் மாதிரி உடையும். சாலையில் போடும் உப்பு தின்று, போல்ட்டுகள் துருவோடு துருவாக இறுகிக் கிடக்கும். முப்பது ஆண்டுகளில் கை தானாக ஓடப் பழகியிருந்தது. அங்கே ஒவ்வொன்றையும் யோசித்துத் தொட வேண்டியிருந்தது.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை. இரவு வேலை முடிந்து வந்த மகள் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அப்பா, ஹீட்டர்ல சூடே வரலப்பா. வழியெல்லாம் கண்ணாடி உள்பக்கமே பனி புடிச்சிடுச்சு. ஒரு கையால தொடச்சிக்கிட்டே வந்தேன்."

"மீட்டர் முள்ளு எங்கம்மா நின்னுச்சு?"

"கீழேயே கெடந்துச்சுப்பா. மேல ஏறவே இல்ல."

நம் ஊரில் வெப்ப முள் கீழேயே கிடந்தால் நிம்மதி. சொல்லப்போனால், பழைய கார்களில் தெர்மோஸ்டேட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது இங்கே பல பட்டறைகளில் வழக்கம். எந்நேரமும் தண்ணீர் ஓடட்டும், இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்பார்கள். தெர்மோஸ்டேட் ஒரு சின்னக் கதவு. இன்ஜின் சூடாகும்வரை மூடியிருந்து கூலண்டை ரேடியேட்டர் பக்கம் போகவிடாமல் தடுக்கும். எண்பது டிகிரியைத் தாண்டியதும் மெல்லத் திறக்கும். அந்தக் கதவு திறந்தபடியே சிக்கிக்கொண்டால், மைனஸ் 25 டிகிரிக் காற்று ரேடியேட்டரில் அடிக்க அடிக்க இன்ஜின் சூடேறவே ஏறாது. காருக்குள் வரும் வெப்பம் முழுக்க அந்தக் கூலண்டிலிருந்துதான் வருகிறது. நமக்கு வேண்டாத ஒரு சாமான், அங்கே கண்ணாடியில் வழி தெரிவதற்கும் கால் விரல் மரத்துப்போகாமல் இருப்பதற்கும் காவல்.

அருகில் இருந்த பட்டறையில் பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். கூலி மணிக்கு நூறு டாலருக்கு மேல். நானே அரை நாளில் முடித்துவிடக்கூடிய வேலைதான். ஆனால் ஏப்ரல் முதல் வாரத்தில் எங்களுக்குத் திரும்பும் டிக்கெட். நான் செய்தால் அந்த ஒரு பழுது தீரும். அடுத்த குளிருக்கு அவள் அதே சாலையில்தான் போவாள், நான் கிள்ளானில் இருப்பேன்.

"நீ செய்யிம்மா. நான் லைட் புடிக்கிறேன்" என்றேன்.

அவளுக்கு ஸ்பானர் புதிதில்லை. ஆறேழு வயதில் ஞாயிற்றுக்கிழமை வாசலில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு "பத்தாம் நம்பரா, பன்னெண்டாம் நம்பரா?" என்று கேட்டு எடுத்துக் கொடுத்தவள். இரண்டு நாள் விடுப்பும், மைனஸ் 14 என்ற அறிவிப்பும் ஒன்றாக வரும்வரை காத்திருந்தோம். அந்த ஊரில் அது கார் வேலைக்கு நல்ல நாள்.

காலையில் இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போது தொடங்கினோம். கூலண்டை ஒரு தட்டில் பிடித்து வடித்தாள். ஒரு சொட்டும் தரையில் விடக் கூடாது. குடித்தால் இனிக்குமாம், ஆனால் நஞ்சு. நாயோ குழந்தையோ நக்கினால் உயிர் போகும். ரப்பர் குழாய் கட்டையாக விறைத்திருந்தது. முடி உலர்த்தும் கருவியை நீளக் கம்பியில் மாட்டிச் சூடு காட்டினாள், இளகி வந்தது. தெர்மோஸ்டேட் மூடியின் ஒரு நட்டு கண்ணுக்குத் தெரியாத மூலையில் இருந்தது. லைட்டை எப்படிப் பிடித்தாலும் வெளிச்சம் அங்கே போகவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு விரலை விட்டுத் தடவினாள்.

"கெடச்சிருச்சுப்பா. நோயாளிக்கு நரம்பு தேடுற மாதிரிதான்."

கழற்றிய தெர்மோஸ்டேட் அகலத் திறந்தபடியே கிடந்தது. புதியதை மாட்டுவதற்கு முன் சோதித்துப் பார்க்கலாம் என்று அடுப்படிக்குப் போனோம். மனைவி பால் பாத்திரத்தைத் தர மறுத்துவிட்டாள். ஒரு காலி மைலோ டின்னில் தண்ணீர் கொதிக்க வைத்து, புதியதையும் பழையதையும் சேர்த்துப் போட்டோம். புதியது சூடு ஏற ஏற மெல்லத் திறந்தது, வெளியே எடுத்து ஆறவைத்ததும் மூடிக்கொண்டது. பழையது எதற்கும் அசையவில்லை. இரண்டையும் மேசையில் வைத்து மகள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி அவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மாட்டி, கூலண்ட் ஊற்றி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவைத்து, உள்ளே மாட்டிய காற்றெல்லாம் வெளியேறும்வரை இன்ஜினை ஓடவிட்டோம். முள் மெல்ல ஏறிப் பாதியில் நின்றது. ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மரத்த விரல்களை ஹீட்டர் காற்றில் நீட்டினேன். இன்ஜின் சூட்டை அப்படி ரசித்தது என் தொழிலில் அதுதான் முதல் தடவை.

மார்ச் நடுவில் ஒரு மாலை, அவள் வேலை முடிந்து கிளம்பிய பிறகு காற்று எழும்பியது. வயலில் கிடந்த பனியைத் தூக்கிச் சாலையில் வீசும் காற்று. முன்னால் போகும் வண்டியின் விளக்குகூடத் தெரியாது. எங்கோ இரண்டு லோரிகள் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட, பின்னால் வந்த வண்டிகள் அத்தனையும் அப்படியே நின்றன. மகளின் காரும் அதில் ஒன்று. தொலைபேசியில் இரண்டே வரி சொன்னாள், பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள். மருமகன் சுரங்கத்தில். மனைவி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு முருகா முருகா என்று முணுமுணுத்தாள். நான் சன்னலோரம் நின்றேன். வெளியே போய் நான் செய்வதற்கு எதுவும் இல்லை. என்னால் ஆக வேண்டியது அந்தக் காருக்குள் ஏற்கெனவே ஆகியிருந்தது, அல்லது ஆகாமல் போயிருந்தது.

நான்கு மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தாள். காரைவிட்டு எங்கும் போகவில்லை. மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓடவிட்டிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் அதற்கு முன் இறங்கி, புகைக்குழாய் வாயில் சேர்ந்த பனியைத் தள்ளியிருக்கிறாள். அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே வரும், அதற்கு மணமும் கிடையாது. காற்றுப் படாத பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கிவைத்திருக்கிறாள். பின்னால் நாங்கள் வைத்திருந்த போர்வை, மண்வெட்டி, மெழுகுவத்தி, முறுக்கு டப்பா எல்லாம் உதவியிருக்கின்றன.

"ஹீட்டர் நல்லா வேல செஞ்சிச்சுப்பா" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று கனடாவிலும் பிரிட்டனிலும் இன்னும் குளிரான இடங்களிலும் இருக்கிறார்கள். ஊறுகாய், மிளகாய்த் தூள், முறுக்கு என்று கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். கார் விஷயத்தைப் பட்டறைக்காரன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறோம். இங்கே அது சரி. கார் நின்றால் ஓரமாக ஒரு மரத்தடி, பத்து நிமிடத்தில் உதவிக்கு யாராவது. குளிர் நாட்டில், நின்றுபோன காரில் இருப்பவருக்குத் தெரிந்த வேலைதான் அந்த நேரத்துக்கு உதவி. பேட்டரியை அளக்க, கூலண்டைச் சோதிக்க, முள் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவைத்திருக்க, மகன் மகள் இருவருக்கும் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரிந்த ஒரு மெக்கானிக்கோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வையுங்கள்.

ஊருக்குத் திரும்பும்போது என் பெட்டியில் ஒன்றும் இல்லை. கொண்டுபோயிருந்த ஸ்பானர் செட்டை அங்கேயே விட்டுவந்தேன்.

போன நவம்பரில் மகள் ஒரு படம் அனுப்பினாள். வாசலில் கார், அதற்கு அடியில் விரித்த பழைய போர்வை, தட்டு நிறையக் கறுப்பு எண்ணெய். பேத்தி உடம்பு முழுக்கப் பனி உடுப்போடு, இரண்டு கையாலும் லைட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே மகள் எழுதியிருந்தாள்: "எண்ணெய் நானே மாத்திட்டேன்ப்பா. இன்னைக்கு அவ்வளவா குளிர் இல்ல. மைனஸ் எட்டுதான்."